4294967297ஐப் பென்சிலால் பிரித்தேன்

ஒரு சிறிய நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 2³² + 1 எவ்வளவு என்று கேட்ட இடத்தில் திரையில் 1 என்று வந்தது. 429 கோடிக்கு மேல் வரவேண்டிய இடத்தில் வெறும் ஒன்று. காரணம் எளியதுதான். அந்த மாறிக்கு நான் ஒதுக்கியிருந்தது 32 பிட். இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 33 இலக்கம் வரும்: முதலில் ஒரு 1, கடைசியில் ஒரு 1, நடுவில் வரிசையாக 31 பூஜ்யம். முதல் 1 நிற்க இடமில்லாமல் விழுந்துவிட்டது, கடைசி 1 மட்டும் மிஞ்சியது. 64 பிட்டாக மாற்றியதும் சரியாகிவிட்டது. வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது, எண் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பாருங்கள். இவை 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1. அடுக்கு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது. ஐந்தும் பகா எண்கள். இப்படியே போனால் வருவதெல்லாம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று பியர் டி ஃபெர்மா நம்பினார், 1640இல் கடிதங்களிலும் எழுதினார். அந்த வரிசையில் அடுத்தது 2³² + 1, அதாவது 4294967297. அது 641ஆல் மீதியில்லாமல் வகுபடும் என்று 1732இல் லியோனார்ட் ஆய்லர் காட்டினார். இதெல்லாம் எனக்கு ஏட்டுச் சுரைக்காயாகத் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட என் கையால் வகுத்துப் பார்த்ததில்லை. சரி, இப்போதாவது செய்துவிடலாம் என்று கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். கால்குலேட்டர் கடைசியில் சரிபார்க்க மட்டும். அதுவும் பத்து இலக்கம் காட்டுவதாக இருக்கவேண்டும். எட்டு இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண் அடங்காது.

முதல் வேலை எண்ணையே உண்டாக்குவது. 65536ஐ வர்க்கப்படுத்தவேண்டும். 65000 + 536 என்று உடைத்தேன். 65000இன் வர்க்கம் 4225000000. இரண்டின் பெருக்கலை இரட்டித்தால் 69680000. 536இன் வர்க்கம் 287296. மூன்றையும் கூட்டியதில் எனக்கு 4294967196 வந்தது. ஒன்பதால் சோதித்துப் பார்த்தேன்: 65536இன் இலக்கங்களைக் கூட்டினால் 25, அதைக் கூட்டினால் 7. ஏழின் வர்க்கம் 49, அதாவது 13, அதாவது 4. என் விடையின் இலக்கங்களோ 57, பிறகு 12, பிறகு 3. எங்கேயோ ஒன்று தப்பியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால், நூறாம் இடத்தில் 2க்குப் பதில் 1 என்று எழுதியிருக்கிறேன். திருத்தியதும் 4294967296. ஒன்றைக் கூட்டி எண்ணைப் பக்கத்தின் தலையில் பெரிதாக எழுதி வைத்தேன். ஒன்பதால் சோதிப்பதைச் சின்ன வயதுப் பாடம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பத்து இலக்கக் கணக்கில் அது எவ்வளவு பெரிய துணை என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்து, எதையெல்லாம் கொண்டு வகுப்பது? இதன் வர்க்கமூலம் 65536ஐ ஒட்டியது. அதற்குக் கீழே 6542 பகா எண்கள் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுக்க ஆயுள் போதும், பொறுமை போதாது. ஆய்லர் கண்ட குறுக்கு வழி இங்கேதான் வருகிறது. அதை நான் சிறிய எண்ணில் செய்து பார்த்தபிறகுதான் முழுசாகப் புரிந்தது.

17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1இலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய், 17ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுவோம்: 1, 2, 4, 8, 16, 15, 13, 9, பிறகு மறுபடி 1. எட்டு அடியில் வட்டம் முடிகிறது. நடுவில், நான்காவது அடியில், 16 வருகிறதே, அது 17க்கு ஒன்று குறைவு, அதாவது −1க்குச் சமம். பாதி வட்டத்தில் −1, முழு வட்டத்தில் 1. இப்போது ப என்ற ஏதோ ஒரு பகா எண் 2³² + 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 32ஆவது அடியில் மீதி −1, 64ஆவது அடியில் 1. வட்டத்தின் நீளம் 64ஐ வகுக்கவேண்டும், ஆனால் 32இல் முடியக்கூடாது. ஆகவே சரியாக 64. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி எந்த ஒற்றைப் பகா எண்ணிலும் ப − 1 அடியில் 1 வந்தே தீரும். அதனால் ப − 1 என்பது 64இன் மடங்கு. ஃபெர்மா தவறிய இடத்தைக் காட்டிக்கொடுக்க அவருடைய தேற்றமே உதவுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, 64இன் மடங்கோடு ஒன்று கூட்டிய பகா எண்கள் மட்டும் போதும். பட்டியல் போட்டேன்: 65, 129 இரண்டும் பகு எண்கள். 193 பகா எண். 257 பகா எண். 321, 385 இல்லை. 449 பகா எண். 513 இல்லை. 577 பகா எண். 641 பகா எண். 641 வரை வகுத்துப் பார்க்கவேண்டியவை ஐந்துதான்.

வகுப்பதற்கும் ஒரு சுருக்கம் உண்டு. முழு எண்ணையும் இழுத்து வகுக்கவேண்டாம். 65536ஐ வகுத்து மீதியை எடுத்து, அந்த மீதியை வர்க்கப்படுத்தி, மறுபடி மீதி எடுத்து, ஒன்று கூட்டினால் போதும். 193ஆல் 65536க்கு மீதி 109. அதன் வர்க்கம் 11881, அதற்கு மீதி 108. ஒன்று கூட்ட 109. பூஜ்யம் இல்லை, ஆகவே 193 வகுக்காது. 257க்கு மீதி 2. 449க்கு 325. 577க்கு 288. எல்லாமே தோல்விதான், ஆனால் ஒவ்வொன்றும் நோட்டில் நான்கு வரிக்குமேல் பிடிக்கவில்லை.

பிறகு 641. 65536இல் 641 எத்தனை தடவை? 102 தடவை, 65382. மீதி 154. அதன் வர்க்கம் 23716. அதில் 641 எத்தனை தடவை? 36 தடவை, 23076. கழித்தால் 640. ஒன்று கூட்டினால் 641. விடை முன்பே தெரிந்த கணக்குதான். ஆனாலும் அந்த 640 பென்சில் முனையில் வந்து நின்றபோது ஒரு நிமிடம் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஈவு வேண்டுமே, அதனால் இப்போது முழு எண்ணையும் நீள் வகுத்தலில் போட்டேன். 4294இல் 641 ஆறு தடவை, 3846; மீதி 448. அடுத்த இலக்கம் 9ஐ இறக்கினால் 4489. அதில் ஏழு தடவை, 4487, மீதி 2. அடுத்து 6ஐ இறக்க 26, போகாது. 7ஐ இறக்க 267, அதுவும் போகாது. 2ஐ இறக்க 2672, நான்கு தடவை, 2564, மீதி 108. 9ஐ இறக்க 1089, ஒரு தடவை. மீதி மறுபடியும் 448! இரண்டாவது அடியில் நின்ற அதே இடத்தில் நிற்கிறோம். அப்போது இறங்கியது 9, அதனால் 2 மிஞ்சியது. இப்போது இறங்குவது கடைசி இலக்கமான 7. 4487. மேலே ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் 641 × 7. மீதி பூஜ்யம்.

முதல் தடவை நான் எழுதிய ஈவு 670417. பெருக்கிச் சரிபார்த்தால் 429737297தான் வருகிறது, ஒன்பது இலக்கம். 26, 267 என்று இரண்டு இடத்தில் போகவில்லை. இரண்டுக்கும் ஈவில் பூஜ்யம் போடவேண்டும். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன். கையால் வகுப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேர் மேலே ஈவின் இலக்கத்தை எழுதினால் இந்தத் தவறு வராது. சரியான ஈவு 6700417.

4294967297 = 641 × 6700417.

மறுநாள் அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 4489 கண்ணில் குத்தியது. அது 67இன் வர்க்கம். அதை 641ஆல் வகுத்தால் மீதி 2 என்று நேற்றே எழுதியிருக்கிறேன். அதாவது 641இன் உலகத்தில் 2க்கு ஒரு வர்க்கமூலம் இருக்கிறது, அது 67. இது தற்செயலாகக் கண்ணில் பட்டாலும், அப்படி ஒன்று இருப்பது தற்செயல் இல்லை. 2²⁴ − 2⁸ என்ற எண்ணை வர்க்கப்படுத்திப் பாருங்கள். 2⁴⁸ + 2¹⁶ − 2 × 2³² வரும். முதல் இரண்டு உறுப்பும் சேர்ந்தால் 2¹⁶ × (2³² + 1), அது நம் எண்ணின் மடங்கு, மீதி பூஜ்யம். மிச்சம் −2 × 2³². 2³² என்பது −1 ஆகையால் இது 2. ஆகவே நம் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணிலும் 2க்கு வர்க்கமூலம் உண்டு. 641இல் 2²⁴க்கு மீதி 323, 2⁸ என்பது 256, கழித்தால் 67. அதே 67!

இதனால் என்ன லாபம்? 2இன் வட்டம் 64 அடி என்றால், அதன் வர்க்கமூலத்தின் வட்டம் 128 அடி. ஆகவே வகுக்கும் பகா எண் 64இன் மடங்கோடு ஒன்று என்பது மட்டுமல்ல, 128இன் மடங்கோடு ஒன்று. ஆய்லருக்குப் பிறகு, 1878இல், எட்வார்ட் லூக்காஸ் செய்த திருத்தம் இது. என் ஐந்து பேர் பட்டியலில் 193, 449, 577 மூன்றும் உடனே விழுந்துவிட்டன. மிஞ்சியவை 257, 641.

257ஐயும் வகுக்காமலே விலக்கலாம். 3 × 5 = 15, அதை 17ஆல் பெருக்கினால் 255, அதை 257ஆல் பெருக்கினால் 65535, அதை 65537ஆல் பெருக்கினால் 4294967295. ஒவ்வொரு முறையும் வரிசையின் அடுத்த எண்ணுக்கு இரண்டு குறைவு. நம் எண் இந்தப் பெருக்கலைவிட இரண்டு கூடுதல், அதனால் 3, 5, 17, 257, 65537 எதனால் வகுத்தாலும் மீதி 2தான். 257க்கு எனக்கு வந்த மீதி 2 இதுதான். ஆக, தொடக்கத்திலேயே இதெல்லாம் கையில் இருந்திருந்தால், முதல் வகுத்தலே 641ஆக இருந்திருக்கும்.

அந்த 4294967295க்கும் ஒரு பெருமை உண்டு. 17 பக்கச் சீரான பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796இல் காஸ் கண்டார். ஃபெர்மா வரிசையின் பகா எண்களைத் திரும்ப வராமல் பெருக்கிக் கிடைக்கும் பக்க எண்ணிக்கைகளுக்கு எல்லாம் அது பொருந்தும். இந்த வரிசையில் தெரிந்த பகா எண்கள் இன்றுவரை ஐந்துதான். அதனால் ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில், வரைய முடியும் என்று தெரிந்த மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் உள்ளது. நம் எண் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்த வரிசை அங்கே நின்றிருக்காது.

6700417 பகா எண்தானா? அதையும் பார்த்தாகவேண்டும். அதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்று மேலே. அதன் பகாக் காரணிகளும் நம் எண்ணின் காரணிகளே, ஆகவே 128 விதி அவற்றுக்கும் உண்டு. 2588க்குள் அந்த விதிக்கு உட்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 ஏற்கெனவே விலகிவிட்டது. மற்றவற்றுக்கு மீதிகள் முறையே 44, 120, 334, 622. நான்கே வகுத்தலில் 67 லட்சத்துச் சொச்சம் பகா எண் என்று உறுதியாகிவிட்டது. வேறு எந்த ஏழு இலக்க எண்ணுக்கும் என்னால் இவ்வளவு சுலபமாக இதைச் சொல்லமுடியாது.

இதற்குமேல் நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு வர்க்கங்களின் கதை. 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எந்தப் பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம். 641 = 25² + 4² என்பது உடனே தெரிகிறது. 6700417க்குத் தேடவேண்டியிருந்தது. இரண்டு வர்க்கங்களில் ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை. இந்த எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1, அதனால் இரட்டைப்படை எண் 4இன் மடங்காகவே இருக்கவேண்டும். பெரிய எண் இரட்டையா ஒற்றையா என்று முன்கூட்டித் தெரியாது. இரட்டைப் பக்கத்தை முதலில் எடுத்து 2588, 2584, 2580 என்று இறங்கினேன். ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கழித்து, மிஞ்சியது வர்க்கமா என்று பார்ப்பது. ஒன்பதாவதில் கிடைத்தது: 2556இன் வர்க்கம் 6533136. கழித்தால் 167281. அது 409இன் வர்க்கம்.

இப்போது இந்த நான்கு எண்களையும், 25, 4, 2556, 409ஐ, குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கினேன்.

25 × 2556 = 63900
4 × 409 = 1636
25 × 409 = 10225
4 × 2556 = 10224

முதல் இரண்டையும் கூட்டுங்கள்: 65536. அடுத்த இரண்டையும் கழியுங்கள்: 1. நாம் தொடங்கிய 65536² + 1² அப்படியே திரும்பி வந்துவிட்டது! 10225, 10224 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாக வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இனி மாற்றிச் செய்யலாம். முதல் இரண்டையும் கழித்தால் 62264, அடுத்த இரண்டையும் கூட்டினால் 20449. ஆகவே

4294967297 = 65536² + 1² = 62264² + 20449².

பெருக்கிப் பார்த்துவிட்டேன், சரியாகவே இருக்கிறது. 20449 என்பது 143இன் வர்க்கமாகவும் இருப்பது கூடுதல் அழகு. பகா எண்ணுக்கு ஒரே விதம்தான் உண்டு, இதற்கோ இரண்டு. இதுவே இது பகு எண் என்பதற்குச் சான்று. இந்த இரண்டு விதங்களிலிருந்து காரணியையே எடுக்கலாம். 65536 − 62264 = 3272, 20449 − 1 = 20448; இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 8. 65536 + 62264 = 127800, 20449 + 1 = 20450; இங்கே 50. இரண்டையும் பாதியாக்கினால் 4, 25. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 641. இந்த வழியையும் ஆய்லர்தான் கொடுத்தார்.

அப்புறம் ஒரு நாள், வேறு எண்ணம் எதுவும் இல்லாமல், 1ஐ 641ஆல் வகுத்துத் தசமத்தில் நீட்டினேன். 0.00156006240249609984399375975039, பிறகு மறுபடி தொடக்கம். 32 இலக்கம். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் 00156, 00624, 02496, 09984: ஒவ்வொன்றும் முந்தையதின் நான்கு மடங்கு. 641ஐ 156ஆல் பெருக்கினால் 99996, இலட்சத்துக்கு நான்கு குறைவு. அந்த நான்குதான் இப்படிப் பெருகிக்கொண்டே போகிறது. அடுத்தது 39936ஆக இருக்கவேண்டும், பின்னாலிருந்து ஒன்று ஏறி 39937 ஆகிவிட்டது. 32 இலக்கத்தையும் இரண்டு பாதியாக வெட்டி ஒன்றின் கீழ் ஒன்று வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் கூட்டல் 9.

இது 10¹⁶க்கு மீதி −1 என்பதன் அடையாளம். கணக்குப் போட்டேன்: 641ஆல் 10⁴க்கு மீதி 385, 10⁸க்கு மீதி 154. 154! 65536க்கு வந்த அதே மீதி. ஏன் என்பதற்கு விடை 641இன் உடம்பிலேயே இருக்கிறது. 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதனால் 5⁴ என்பது −2⁴, 5⁸ என்பது 2⁸. ஆகவே 10⁸ = 2⁸ × 5⁸ என்பது 2⁸ × 2⁸, அதாவது 2¹⁶. இதோடு 641 = 5 × 2⁷ + 1 என்பதையும் சேர்த்தால், வகுக்காமலே எல்லாம் முடிந்துவிடும். 5 × 2⁷ என்பது −1, நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1, 5⁴க்குப் பதில் −2⁴ வைத்தால் −2³² என்பது 1. அவ்வளவுதான், 641 நம் எண்ணை வகுக்கிறது.

ஒன்றை மட்டும் கணினியிடம் விட்டேன். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, 2ஐ அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று சோதிப்பார்கள். நம் எண் அதில் தேறிவிடும்: ஒன்று குறைத்தால் 2³², அது 64இன் மடங்கு, வட்டம் முழுசாகச் சுற்றி 1இல் நிற்கும். 2ஐ நம்பினால் ஏமாறுவோம். 3ஐ வைத்துச் செய்யும் பெப்பின் சோதனை 1877இல் வந்தது. 3இலிருந்து தொடங்கி 31 தடவை வர்க்கப்படுத்தவேண்டும். பகா எண்ணாக இருந்தால் கடைசியில் −1 வரும். கணினியில் வந்தது 10324303. காரணி எது என்று அது சொல்லாது, பகு எண் என்று மட்டும் சொல்லும்.

வரிசையில் அடுத்த எண் 18446744073709551617. அதன் காரணி 274177ஐ 1880இல் லான்ட்ரி வெளியிட்டார். அங்கே விதி 256இன் மடங்கோடு ஒன்று. அதையும் பென்சிலாலேயே தேடிப் போகலாம் என்று இன்று புதிய பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். 257 விலக்கு. 769க்கு மீதி 362. 3329க்கு மீதி 2989. அடுத்தது 7681.